ஐந்தாவது பாட்டின் தாளம்

லியனார்ட் சூதாட்ட மெஷினைத் தொட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மனைவி ஜோஆன், மகள் ஷாமினியோடு செந்தூல் ஃபிளாட்டில் குடியிருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. சனிக்கிழமைகளில் கிள்ளானுக்குப் போய், ஒரு கடைவீட்டு மாடியில் குருவின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பான். சூதை விட்ட பிறகு அந்தக் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அதில் வரும் காசு தன் கையில் தங்கக்கூடாதென்று ஜோஆன் அக்கௌண்ட்டிலேயே போடச் சொல்லியிருந்தான்.

குருவுக்கு நீண்ட நீண்ட பாட்டுகளாக வரும் புரோகிரெசிவ் ராக் இசை என்றால் பைத்தியம். சின்னப் பாட்டைப் பாட்டென்றே ஒப்புக்கொள்ளமாட்டான். சூதில் விழுந்த ஒருவனின் கதையை ஒரு முழு ஆல்பமாகச் சொல்ல அவன் ஆசைப்பட்டான். லியனார்ட்டை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினான்.

ஜோஆனுக்கு இது பிடிக்கவில்லை. "போனது போச்சு. அத ஏன் திரும்பக் கிண்டுறீங்க?"

"நல்லதுக்குத்தான் ஜோ. நாலு பேரு கேட்டுத் திருந்தட்டும்லா."

ஐந்தாவது பாட்டில் சூதே ஒரு ஆளாக வந்து அவனைக் கூப்பிட்டுப் பாடவேண்டும். குரு அதை மிரட்டலாக எழுதியிருந்தான். லியனார்ட் இல்லையென்று தலையை ஆட்டினான்.

"இப்படிக் கூப்பிட்டா எவன் போவான்? அது மிரட்டாது குரு. பாசமாப் பேசும். உன்ன யாரும் மதிக்கலியா, என்கிட்ட வான்னு சொல்லும்."

"அப்ப வாசிச்சுக் காட்டு."

லியனார்ட் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். ஒவ்வொரு சுற்றிலும் கடைசித் தட்டு இதோ விழப்போகிறது என்று வந்து, விழாமல் நழுவும். அடுத்த சுற்றில் விழுந்துவிடும் என்று கேட்பவன் உடம்பு காத்துக் கிடக்கும். குரு துள்ளி எழுந்தான். "இதுதான்! இதேதான்!"

பதிவு வாரக்கணக்கில் இழுத்தது. சூதாட்ட மெஷின் சத்தங்களைத் தேடிப் பிடித்து லியனார்ட்டின் ஹெட்போனில் ஓடவிட்டான் குரு. "அது வேணாமே" என்றான் லியனார்ட். ஏனென்று குரு கேட்டபோது, பயமாக இருக்கிறது என்று மற்றவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான்" என்று குச்சிகளை எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், உள்ளே சூதாட்ட மெஷின்கள் இருப்பது தெரியாமல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிய கடை ஒன்றின் முன் நின்றான். பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நுழைந்தான். கவுண்டரில் இருந்த பெண் அவனை முன்பின் பார்த்ததே இல்லை. ஆனாலும், "Boss, ரொம்ப நாளாக் காணோம்?" என்று சிரித்தாள். அவள் காட்டிய மெஷின் முன்னால் உட்கார்ந்தான்.

முதல் நாளே ஜெயித்தான். அதுதான் கெட்டது. ஷாமினி காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஓவர்டைம் காசு என்று சொன்னதை ஜோஆன் நம்பினாள்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஆல்பம் வெளியீட்டு விழா வந்தபோது அவனிடம் டிரம்ஸ் இல்லை. பின்னால் தோற்ற காசுக்காக விற்றுவிட்டிருந்தான். ஜோஆனையும் ஷாமினியையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்து மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

வீடு திரும்பியபோது ஜோஆன் விழாவுக்குக் கட்டிய புடவையோடு பை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷாமினி நின்றாள்.

"உங்க எடத்துல தனேஷ்னு யாரையோ உட்காரவச்சாங்க. அப்பா எங்கன்னு இவ கேட்டுக்கிட்டே இருந்தா."

"ஜோ, டிரம்ஸ் ரிப்பேருக்கு..."

"வேணாங்க. புள்ள முன்னாடி பொய் சொல்லாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "காஜாங்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போறோம். தேடிக்கிட்டு வராதீங்க."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். அவள் தடுக்கவில்லை. ஷாமினி, கூட்டிப்போக வந்திருந்த மாமாவின் காருக்குள் ஏறியதும் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மேலே வந்து விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். குரு கூப்பிட்டான்.

"வராம என்னக் கொன்னுட்டடா! ஆனா அந்த அஞ்சாவது பாட்டு... எல்லாரும் அதத்தான் திரும்பக் கேட்டாங்க. கொண்டுபோன சிடி பூரா வித்துப்போச்சு. உன் பங்க ஜோஆன் அக்கௌண்ட்ல போட்டுடட்டா? எப்பவும் அப்படித்தானே சொல்லுவ?"

லியனார்ட் கதவுப் பக்கம் திரும்பினான். ஜோஆனும் ஷாமினியும் செருப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது.

"இல்ல குரு" என்றான். "இந்தத் தடவ என்னோடதுல போடு."