ரெண்டுன்னு சொன்ன மனுசன்

எங்க சபையில ஒரு பழக்கம். யாரு எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் "ஸ்தோத்திரம், சுகமா இருக்கோம்"னுதான் சொல்லணும். காய்ச்சல்ல வாய் கசந்து கெடந்தாலும் அதேதான். எங்க வூட்டுக்காரரு எர்னஸ்டு இதுல எல்லாருக்கும் ஒரு படி மேல. ஞாயித்துக்கெழம ஆண்டவரு செஞ்ச நன்மையச் சாட்சி சொல்ல மொத ஆளா எழுந்து நிப்பாரு. நிக்கறப்போ பாதம் தணல்ல வெச்ச மாதிரி எரியும். மொகத்துல ஒரு சுளிப்பு இருக்காது.

சித்தூரு டிப்போவுல கண்டக்டரா நின்னுக்கினே காலத்த ஓட்டுன மனுசன். சக்கரை வந்து வருசக்கணக்காச்சு. இப்ப போர்வை பாதத்துல பட்டாலே துள்ளுறாரு. எங்க என் காலு உரசிடப் போவுதோன்னு நான் கட்டிலோட அந்தக் கோடியில ஒண்டிக்கினு படுக்கறேன். வலிக்குதான்னு கேட்டா, "ஸ்தோத்திரம், பரவால்ல கிருபா." எனக்குப் பத்திக்கினு வரும்.

சக்கரை டாக்டரு மாத்திரைய மாத்தி மாத்திக் குடுத்துப் பாத்தாரு. அப்புறம், "திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில ஆராய்ச்சி நடக்குது, போய்ப் பாருங்க"ன்னாரு. தலையில ரெண்டு ஈர ஸ்பாஞ்சு வெச்சு இலேசா கரெண்டு உடுவாங்களாம். அறுக்கறதும் இல்ல, ஊசியும் இல்ல.

"வலிக்கறது கால்ல, தலையில எதுக்கும்மா கரெண்டு?"ன்னு அங்க இருந்த டாக்டரம்மாவைக் கேட்டேன். ஹர்ஷினின்னு பேரு, தெலுங்குக்காரப் பொண்ணு, தமிழும் நல்லாப் பேசுது. "கால் நரம்பு கெட்டுப்போயி மூளைக்கு வலியே பழக்கமாயிடுச்சு ஆன்ட்டி. அந்தப் பழக்கத்தக் கொறைக்க முடியுமான்னு பாக்கறோம். சில பேருக்கு நெசக் கரெண்டு, சில பேருக்கு சும்மா பேருக்கு மெஷின வெப்போம். யாருக்கு எதுன்னு இப்ப எனக்கே தெரியாது"ன்னு ஒளிக்காம சொல்லுச்சு.

அப்புறம் இவரு பக்கம் திரும்பி, "வலிக்கு நம்பர் சொல்லுங்க அங்கிள். வலியே இல்லன்னா சைபர், தாங்கவே முடியாதுன்னா பத்து"ன்னா.

இவரு சிரிச்ச மொகமா, "ஸ்தோத்திரம்மா. ரெண்டு."

அந்தப் பொண்ணு பேனாவக் கீழ வெச்சுட்டா. நாலுக்குக் கொறைஞ்சா சேத்துக்க முடியாதாம்.

வந்துச்சே எனக்குக் கோவம்! "அடப் பாவி மனுசா, ரெண்டா? ரெண்டுக்கா பக்கெட்டுத் தண்ணியில கால உட்டுக்கினு உக்காந்திருக்கீங்க? டாக்டரம்மா, ஆறுன்னு போட்டுக்கோ, நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா ஆவாது ஆன்ட்டி. அவரே சொல்லணும்."

"கிருபா, இம்மாந் தூரம் நம்மள நடத்திக்கினு வந்த ஆண்டவருக்கு எதிர்ல கொறை சொல்லவா?"ன்னாரு இவரு.

"இது சபையா? இந்தப் பொண்ணு கேக்கறது சாட்சியா? அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க, வேணாங்கல. டாக்டருக்கு வலியச் சொல்லுங்க. இத்தினி வருசத்துல எங்கிட்டயாவது ஒரு தரம் சொன்னீங்களாய்யா?"

தலையக் குனிஞ்சுக்கினாரு. அப்புறம் என்னைப் பாக்காம, டாக்டரம்மா பக்கம் திரும்பி, மெதுவா தெலுங்குல சொன்னாரு. "எனிமிதி, அம்மா."

எட்டு! எனக்குத் தெரியக் கூடாதுன்னு தெலுங்குல சொல்றாராம். சித்தூருல பொறந்து வளந்தவளுக்குத் தெலுங்கு புரியாதா? நான் ஆறுன்னுதான் நெனச்சிருந்தேன். எட்டு வலிய வெச்சுக்கினு எனக்கு எதிர்ல சிரிச்சுக்கினு இருந்திருக்காரு. வெக்கமில்லாம அங்கேயே அழுதுட்டேன்.

சேத்துக்கினாங்க. தெனமும் சித்தூருலேந்து பஸ்ஸு. தலையில ஸ்பாஞ்சு வெச்ச பட்டையக் கட்டிக்கினு ஆடாம உக்காந்திருப்பாரு. "புது மாப்பிள்ளை மாதிரி கீறீங்க"ன்னேன். "கல்யாணத்தன்னிக்குக் கூட நீ என்னை இவ்ளோ நேரம் பாக்கல"ன்னாரு. ஹர்ஷினி விழுந்து விழுந்து சிரிச்சா.

கடைசி நாளு மறுபடியும் நம்பர் கேட்டா. இந்தத் தரம் என் மூஞ்சியப் பாத்துத் தமிழ்லயே சொன்னாரு. "நாலு."

"நெசமாவா? இல்ல ஸ்தோத்திரத்துக்கா?"

"நெசந்தான். இன்னும் எரியுது கிருபா. ஆனா நாலு."

அவருக்கு உட்டது நெசக் கரெண்டா, பேருக்கு வெச்சதா, ஆராய்ச்சி முடிஞ்சாதான் தெரியுமாம். எதுவா இருந்தா எனக்கென்ன?

திரும்பி வர்றப்போ பஸ்ஸுல கூட்டம். சந்திரகிரி தாண்டி ஒரு வளைவுல என் பாதம் அவரு பாதத்துல பட்டுடுச்சு. ஐயோன்னு பழக்கத்துல இழுத்துக்கினேன். அவரு செருப்பக் கழட்டிட்டு, பாதத்த நகத்திக்கினு வந்து என் பாதத்தோட ஒட்டினாப்பல வெச்சாரு.

"வலிக்கலையா?"

"கொஞ்சம் வலிக்குது. இருக்கட்டும், எடுக்காத."

சித்தூரு பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் நான் கால எடுக்கவே இல்ல.