முடியாத சீசன்

அந்த மலையூரில் யாருக்கும் சீசனில் நோய் வரக்கூடாது. பல்வலியோ, பங்காளிச் சண்டையோ, கல்யாணப் பேச்சோ, எதுவானாலும் "சீசன் முடியட்டும்" என்பதுதான் எல்லா வீட்டிலும் பதில். மழை இறங்கி, சுற்றுலாக்காரர்களின் கடைசிக் கார் மலையைவிட்டுப் போன பிறகுதான் ஊர் படுக்கும், இருமும், ஆஸ்பத்திரிக்குப் போகும்.

லாட்ஜ்காரர் மனைவியும் அப்படித்தான் கர்ப்பப்பைக் கட்டியை இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டாள். எட்டு அறைக்கும் படுக்கை விரித்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்து, மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கோடு மாடிப்படி ஏறி இறங்கினாள். மலையடி டவுனில் இருக்கும் டாக்டரம்மா, "இதுக்கு மேல உடம்பு தாங்காதும்மா" என்று கடிந்துகொண்டு, இந்த மழைக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்.

அதற்குள் புருஷன் லாட்ஜ் சங்கத் தலைவராகித் தொலைத்தார். மனுஷனுக்கு மைக் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம். "இனிமே நம்ம ஊர்ல சீசன் முடியவே முடியாது! மழையும் அழகுதான், அதையும் விப்போம்!" என்று மேடையில் முழங்கினார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

மழையை விற்கிறாராம், மழையை! மழைக்காலத்தில் துவைத்த போர்வை நாலு நாளானாலும் காயாது. சுவரெல்லாம் பூசணம் பூக்கும். கரண்ட் போனால் வந்தால்தான் நிஜம். பாதையில் மண் சரிந்தால் பால்கூட மேலே வராது. இதையெல்லாம் யார் தலையில் கட்டப்போகிறீர்கள் என்று கைதட்டியவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. யானை தன் தலையில்தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். இவர் பெண்டாட்டி தலையில் போட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் துணிப்பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"பன்னெண்டு பேர் வர்றாங்க. மழைக்கு வர்ற முதல் பார்ட்டி. தம்பிதான் வேன்ல கூட்டிட்டு வர்றான். நீ இல்லாம எப்படி? டாக்டர்கிட்ட நானே போன்ல சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"இந்த சீசன் முடியட்டும்னு."

அவளுக்கு உச்சி வரை சுர்ரென்று ஏறியது.

"சீசனே முடியாதுன்னு மைக் புடிச்சுக் கத்தினது யாருங்க? அப்புறம் எது முடிஞ்சு நான் போறது? நான் முடிஞ்ச பிறகா?"

"கத்தாத. தலைவர் வீட்டு லாட்ஜே மூடிக் கிடந்தா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். நான் வலியில துடிச்சப்ப ஊரு வந்து அழுதுச்சா?"

அவர் வாசலுக்குப் போனார். அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "நான் வந்துடறேன். அவர் சொன்னதைக் காதுல போட்டுக்காதீங்க" என்றாள்.

மத்தியானம் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் வெந்நீர் கேட்டார்கள், காய்ந்த துண்டு கேட்டார்கள், சாப்பாடு எப்போது என்று கேட்டார்கள். அவள் அவர்களைத் தாண்டி நடந்து, பையோடு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் சீட்டில் கொழுந்தன் திகைத்துப் போனான்.

"எங்க அண்ணி?"

"ஆஸ்பத்திரிக்கு. வண்டி காலியாத்தானே கீழ போகுது?"

அண்ணனை ஒரு தடவை பார்த்தான், அண்ணி முகத்தை ஒரு தடவை பார்த்தான். வண்டியைக் கிளப்பினான்.

வேன் திரும்பும்போது புருஷன் குடைகூட இல்லாமல் மழையில் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். நிறுத்தச் சொன்னாள். என்ன இருந்தாலும் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். பார்த்துப் போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதிக் கோபம் இறங்கிவிடும் என்று நினைத்தபடி கண்ணாடியை இறக்கினாள்.

அவர் மூச்சு வாங்கினார். மழைத் தண்ணீர் மூக்கில் வழிந்தது.

"பன்னெண்டு பேருக்கு எத்தனை படி அரிசி போடணும்?"

அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

"நீ எடுப்பா வண்டிய" என்றாள்.