பிடி விடும் நேரம்

திரையில் கோடு இறங்கியது. சயந்தினி மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் இறங்கியது.

சிங்கப்பூரில் கிளமெண்டி பக்கம் ஒரு சிறிய மருந்து நிறுவனத்தில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆன்டிபாடி என்னும் எதிர்பொருள் தன் இலக்கை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. தங்கம் பூசிய சின்ன சிப் ஒன்றின் மேல் கரைசல் ஓடும். அடியிலிருந்து ஒளி பட்டுத் திரும்பும். மேலே ஏதாவது ஒட்டினால் அந்த ஒளியின் கோணம் துளி மாறும், திரையில் கோடு ஏறும். பிறகு வெறும் உப்புக்கரைசலை ஓடவிட்டால், பிடி தளரத் தளரக் கோடு இறங்கும்.

நிறுவனம் நம்பியிருந்த மருந்து அப்படிப்பட்ட ஓர் ஆன்டிபாடிதான். இதயத் தசையில் படிந்து அதை இறுக வைக்கும் ஒரு புரதத்தை, ரத்தத்தில் மிதக்கும்போதே அது பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சயந்தினி அதை அளந்தாள். சிப்பில் புரதத்தை நெருக்கமாக ஒட்டி, மேலே ஆன்டிபாடியை ஓடவிட்டாள். பத்து நிமிடம் பார்த்தாள். கோடு அசையவில்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு நாளுக்கு மேல் பிடித்திருக்கும் என்று அறிக்கை எழுதினாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

இப்போது, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு முந்தைய வாரம், கோப்பில் சேர்க்க வேண்டும் என்பதற்காக மாற்றி வைத்து அளந்தாள். ஆன்டிபாடியைச் சிப்பில் நிறுத்தி, புரதத்தை மேலே ஓடவிட்டாள். ஏழே நிமிடத்தில் பாதி கழன்றுவிட்டது.

தவறு எங்கே என்று உடனே புரிந்தது. ஆன்டிபாடிக்கு இரண்டு கை. புரதம் நெருக்கமாக இருக்கும் சிப்பில் ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கும். விட்ட கை பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் புரதம் தனித்தனியாக மிதக்கிறது. அங்கே விட்டால் விட்டதுதான்.

ஆய்வுக்கூடத் தலைவர் லாசரஸின் அறைக்குப் போனாள். அவர் மனைவி உர்சுலாவுக்கே அந்த நோய். சோதனையில் அவருக்கும் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஊசி.

லாசரஸ் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். “யார்கிட்டயாச்சும் காட்டுனியா?”

“இல்ல சார்.”

“மண்டே வரைக்கும் இரு. அவளுக்கு ஃபர்ஸ்ட் டோஸ் போயிடட்டும். அப்புறம் நானே மேல சொல்றேன்.”

“பிடிச்சு வைக்காத மருந்த அவங்களுக்கு ஏன் சார் ஏத்தணும்?”

“இது சிப்புல. உடம்புல வேற மாதிரி இருக்கலாம்லா.”

“இருபத்தஞ்சு டிகிரில அளந்தேன் சார். உடம்பு சூட்டுல இன்னும் சீக்கிரம் விட்டுடும்.”

அவருக்கும் அது தெரியும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

வெள்ளிக்கிழமை புதுச் சிப் போட்டு இன்னொரு முறை அளந்தாள். அதே ஏழு நிமிடம். பிற்பகல் மூன்று மணிக்கு, சோதனையை நடத்தும் மருத்துவர்களுக்கு அறிக்கையை அனுப்பினாள். திங்களன்று சோதனை நின்றது.

உர்சுலா கேம்பல் லேன் கடைத்தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். சயந்தினியின் ரவிக்கைகள் எல்லாம் அவர் கை பட்டவைதான். இரண்டு வாரம் கழித்து அவள் அங்கே போனபோது, வீங்கிய கால்களை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார்.

“நீ நிறுத்துனது சரிதான் மா,” என்றார். “அதுல எனக்குக் கோவம் இல்ல.”

அத்தோடு திரும்பியிருக்கலாம். சயந்தினியால் முடியவில்லை.

“அக்கா, முதல்ல தப்பா அளந்ததும் நான்தான்.”

மெஷின் நின்றது.

“போன வருஷம் டாக்டர் ஒரு மாத்திர எழுதுனாரு,” என்றார் உர்சுலா. “நோய் மேல போகாம நிறுத்தி வைக்கும்னாரு. அத எடுத்தா உங்க டிரயல்ல சேத்துக்க மாட்டாங்க. நான் வேணாம்னுட்டேன். இப்ப கேட்டா, லேட்டாயிடுச்சு, இனிமே பெருசா பலன் இருக்காதுங்குறாரு.”

சயந்தினிக்கு இது தெரியாது.

“மாத்தி வச்சு ஒரு தடவ பாக்கணும்னு அப்பவே உனக்குத் தோணலயா?”

“தோணுச்சு அக்கா. நம்பர் அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. விட்டுட்டேன்.”

உர்சுலா கொக்கியில் தொங்கிய சயந்தினியின் ரவிக்கையை எடுத்து, மடித்து, பையில் போட்டு நீட்டினார். “கை இன்னும் வைக்கல. வேற யார்கிட்டயாச்சும் குடுத்து முடிச்சுக்க.”

எட்டு மாதத்தில் உர்சுலா இறந்துபோனார். லாசரஸ் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தார். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டுச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். சயந்தினி செங்காங்கில் உள்ள தன் வீட்டிலிருந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் போகத் துணிவில்லை.

சற்று நேரத்தில் லாசரஸே வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். ரொம்ப இளைத்திருந்தார்.

“அந்த மாத்திர வேணாம்னு அவள சொல்ல வச்சது நான்,” என்றார் மெதுவாக. “அவ பயந்தா. உன் ரிப்போர்ட்ட காட்டிக் காட்டி நான்தான் நம்ப வச்சேன்.”

முன்வரிசையில் பெண்கள் ஜெபமாலையைத் தொடங்கினார்கள். சயந்தினிக்கு அந்த ஜெபம் தெரியாது. அது முடியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.