ஒரே கைப்பிடியில் பன்னிரண்டு மாடி

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்த தையல்காரியின் வீடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மூன்றாம் மாடிக்குப் போனது. வீடு என்றால் இரண்டு அறை, சமையலறை, தையல் மிஷின், அடுப்பில் இருந்த பால் எல்லாம் சேர்த்துத்தான். பால் பொங்கவில்லை. கட்டடத்தின் வலப்பக்கம் மாடிக்கு ஒரு வீடு இருந்தது. இடப்பக்கத்தில் கட்டியவர் முதல் மாடியோடு கைகழுவிவிட்டதால் மற்ற மாடிகளில் தூண்களும் வெறும் இடமும்தான். ஆகவே வீடு போய் உட்கார இடத்துக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறந்தார், எதிரே புதிதாக ஒரு கதவு இருப்பதைப் பார்த்தார், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காரணம் ஒரு கிட்டார். உறை தைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர் எட்டு மாதமாகியும் வரவில்லை. சும்மா கிடப்பானேன் என்று தையல்காரி எடுத்து வாசிக்கப் பழகினாள். கிட்டாரின் வயிற்றுக்குள் மடித்துக் கிடந்த தாளில் படம் போட்டிருந்தது. ஆட்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் குறுக்காகப் படுக்கவைக்க வேண்டும்; மற்ற மூன்று விரல்களும் அதையொட்டி நிற்க வேண்டும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். பிடியைக் கலைக்காமல் முதல் ஃப்ரெட்டில் வைத்தால் எஃப் கார்ட் என்ற சுரக்கூட்டு, மூன்றாவதில் ஜி, ஐந்தாவதில் ஏ. புதிதாக எதையும் கற்க வேண்டாம், கையை நகர்த்தினால் போதும். ஒரே காகித மாதிரியை நகர்த்தி நகர்த்திப் பத்து அளவில் சட்டை வெட்டுகிறவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. விரல்தான் பிடிபடவில்லை. முதல் ஃப்ரெட்டில் கம்பி கரகரக்காமல் இருக்கவே மூன்று வாரம் ஆனது. அது வந்த உற்சாகத்தில் கையை மூன்றாவதுக்கு இழுத்தாள். வீடும் கூடவே வந்துவிட்டது.

அவள் கணவர் அதே கட்டடத்தின் லிப்ட் மெக்கானிக். சாயங்காலம் முதல் மாடிக்கு வந்து, வீட்டைக் காணாமல், படியேறித் தேடிப் பிடித்தார். "என் பிழைப்புல மண்ணள்ளிப் போடவா இது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காபி குடித்தார். போகப் போக எல்லாருக்கும் பழகிவிட்டது. கம்பி எதையும் அழுத்தாமல் வாசித்தால் வீடு தரைத்தளத்துக்கு வரும் என்பதால், அங்கே யாரும் ஸ்கூட்டர் நிறுத்துவதில்லை. மேலே போகப் போக ஃப்ரெட்டுகள் நெருங்குவதால் அறைகளும் நெருங்கின. பன்னிரண்டாம் மாடியில் மெக்கானிக் பக்கவாட்டில்தான் நடந்தார்.

பத்தாம் மாடியில் மெக்கானிக்கின் அக்கா தனியாக இருந்தார். நல்ல பாரியான உடம்பு. நான்கு வருடத்துக்கு முன் லிப்ட் ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே நின்று, நான்கு மணி நேரம் உள்ளே கிடந்தவர். தம்பிதான் கதவை நெம்பி வெளியே இழுத்தார். அன்றிலிருந்து அவர் லிப்டில் ஏறவில்லை. படியில் இறங்க முழங்கால் விடவில்லை. காய்கறி, மாத்திரை எல்லாம் கயிறு கட்டிய வாளியில் மேலே போயின. அந்த லிப்டைப் பற்றி அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதே கிடையாது.

அந்த வருடம் அக்காவின் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. மூன்று தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு நாள் தாண்டட்டும் என்றார் டாக்டர். வாளியில் மேலே அனுப்ப முடியாதது அது ஒன்றுதான்.

தையல்காரி அன்று மத்தியானமே கணவரையும் உள்ளே உட்காரவைத்து வீட்டைப் பத்தாம் மாடிக்குக் கொண்டுபோய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

"உங்க வீடும் லிப்டுதானேம்மா," என்றார் அக்கா.

"இல்லக்கா. லிப்டுல கதவை மூடியாகணும். இங்க திறந்தே வச்சுக்கலாம்."

அக்கா அந்தக் கதவைக் கையால் தள்ளி முழுக்கத் திறந்து பார்த்தார். பிறகு, குறுகிப்போயிருந்த நிலைப்படியில் ஒருக்களித்து நுழைந்து, திறந்த கதவுக்கு நேரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தையல்காரி ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறக்கினாள். ஒன்பதாம் மாடியில் துணி காய்ந்தது. எட்டில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். ஏழாம் மாடியைத் தாண்டும்போது அவள் விரல் மரத்துப்போனது, கம்பி கரகரத்தது, வீடு நின்றது. வாசலுக்கு நேரே வெறும் சிமென்ட் சுவர்.

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தார், எதைத் திருகுவது என்று தெரியாமல் கீழே வைத்தார். தையல்காரி மறுபடி அழுத்திப் பார்த்தாள். கரகரப்புதான் வந்தது. அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து வந்து தையல்காரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பதறாத. நான் எங்கயும் ஓடிடப் போறதில்ல," என்றார். தன் தடித்த விரலை அவள் ஆட்காட்டி விரலின் மேல் வைத்து அழுத்தினார். ஆறு கம்பியும் சுத்தமாக ஒலித்தன. வாசலில் ஆறாம் மாடி வந்து நின்றது. தரைத்தளம் வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

வெளியே கால் வைத்த பிறகுதான் தன்னிடம் செருப்பே இல்லை என்பது அக்காவுக்கு நினைவு வந்தது. தம்பி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

"அன்னைக்கு மோட்டாரை நான் சரியாப் பாக்கலக்கா," என்றார்.

"தெரியும்டா," என்று சொல்லிவிட்டு அக்கா தெருவில் நடந்தார்.

குழந்தை இரண்டு நாளைத் தாண்டி, இரண்டு மாதத்தையும் தாண்டி அம்மாவோடு தையல்காரியின் வீட்டுக்கு வந்தது. கிட்டாரின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கை இருக்கும்போதுதான் அது நன்றாகத் தூங்கியது என்பதால் அந்த வருடத்தில் பெரும்பாலும் வீடு ஐந்தாம் மாடியில் இருந்தது. கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி, எந்த மாடி என்று எழுதுவது என்று கேட்டார்.

"காலையில கீழ, மத்தியானம் அஞ்சு, சாயங்காலம் பத்து. எழுதிக்கங்க," என்றார் அக்கா.

அதிகாரி அப்படியே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அப்புறம் ஃபைலை மடியில் வைத்தபடி, "இப்ப கீழ போகுதா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.