சாமியார் முன்னால் போட்ட கையெழுத்து

1974 ஜூன், சனிக்கிழமை. காலையிலிருந்து நோட்டரி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஒன்பது மனு எழுதியிருந்தேன். விரல் கணு வலித்தது. நோட்டரி வக்கீல் சிவனணைந்தபெருமாள் ஒரு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பன்னிரண்டே முக்காலுக்குக் கீழவைப்பார் ஊர்க்காரர் சிலுவை, கடலில் சங்கு குளிக்கிறவர், மகள் பிளாரன்ஸோடு வந்து நின்றார்.

முந்தின நாள் நான் எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரம் அவர் கையில் இருந்தது. மகளின் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் சிலுவை. ஞானஸ்நானச் சீட்டில் சிலுவை மிக்கேல். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரி முத்திரையோடு திங்கட்கிழமை காட்டினால்தான் மதுரையில் நர்சுப் படிப்பில் சேர்ப்பார்கள். தவறினால் இடம் வேறொரு பெண்ணுக்கு.

உள்ளே கூட்டிப்போனேன். தாளைப் பார்த்ததும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். அடியில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"யாரு முன்னால ஓய் போட்டீரு?"

"எங்க பங்குச் சாமியார் முன்னாலய்யா. சிலுவையில பாடுபட்ட சுரூபத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணிப் போட்டேன்."

"நான் பாக்காத கையெழுத்துக்கு எப்படி முத்திரை குத்த? கீழ இன்னொண்ணு போடும்."

சிலுவை பேனாவைத் தொடவில்லை. "மறுபடி சத்தியம் பண்ணுனா, மொதல்ல பண்ணுனது பொய்யினுல்லா ஆயிரும்?"

"கிருபாநிதி, நீரு இவருகிட்ட சொல்லலியா?"

வக்கீல் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இரண்டு தடவை.

"அப்பா, மணியாவுது. கடலுக்குள்ள மூச்சப் பிடிக்க மாதிரி இங்கனயும் பிடிச்சிக்கிட்டு நிக்கிய" என்றாள் பிளாரன்ஸ்.

"சும்மா இரு ஏளா. இது சாமி காரியம்."

வாதாட எனக்குத் தெம்பில்லை. தாளை வாங்கி, முக்காலியில் உட்கார்ந்து, கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'மேலே கண்ட கையெழுத்து என்னுடையதே. பங்குச் சாமியார் முன் நான் சத்தியமாகச் சொன்னது உண்மையே என்று நோட்டரி முன் உறுதி கூறுகிறேன்.'

"அன்னைக்குச் சொன்னது பொய்யில்லைன்னுதான் இதுல இருக்கு" என்றேன்.

சிலுவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு மகளை வாசிக்கச் சொன்னார். அப்புறம்தான் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் புள்ளி வரைக்கும் வக்கீல் கண்ணை எடுக்கவில்லை. முத்திரையைக் குத்திவிட்டுத் தடித்த பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

"இதுலயும் ஒண்ணு."

சிலுவை என்னைப் பார்த்தார். மூடிய பேனாவை மறுபடி திறந்து நீட்டினேன்.

"இதுவும் சத்தியமா?"

"இல்ல. இன்னைக்கு நீங்க வந்ததுக்கு அடையாளம்" என்றேன்.

"வந்தது நெசந்தான்" என்று போட்டார்.

பிளாரன்ஸ் முத்திரையின் ஈர மையை ஊதிக்கொண்டே, அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.