அம்சபந்தம்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் ராமலட்சுமி தேயிலைக் கொழுந்துக் கூடையைக் கங்காணியிடம் விட்டுவிட்டு ஜீப் ஏறினாள். கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு கௌசிகா அழுகிறாளாம், வீட்டிலிருந்து யாராவது வர வேண்டுமாம். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மூத்தாள் பிள்ளையை வளர்க்கிறவளுக்கு வெறும் மடியோடு போனாலும் பயம்தான்.

சுருளிவேலுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் கேரளத்துச் சின்னக்கானல் எஸ்டேட் லயத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது கௌசிகாவுக்கு ஒன்பது வயது. இன்றுவரை இவளை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. சித்தி என்றுகூட இல்லை. "இந்தாங்க", "சோறு வேணும்", "தலை பின்னணும்", அவ்வளவுதான். ராமலட்சுமியும் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது? ஆனால் லயத்தில் வேறு யார் பிள்ளையாவது அம்மா என்று கத்தினால் தன்னையறியாமல் திரும்பிவிடுவாள். திரும்பிய வெட்கத்துக்குச் சும்மா இருக்கிற கோழியை விரட்டுவாள்.

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஜிஷா கோபமாக இல்லை. ஐந்து வரை தமிழில் படித்துவிட்டு மலையாள வகுப்புக்கு மாறிய பிள்ளை கௌசிகா. தடுமாறும் இடத்தில் தமிழில் எழுதிவிடுவாள் என்று டீச்சருக்குத் தெரியும்.

"அம்மாவோட வயசு, அவங்கவங்க வயசு, ரெண்டோட அம்சபந்தம் எழுதான் சொன்னேன். இவ தமிழ்ல என்னமோ எழுதியிருக்கா. எனக்குத் தமிழ் கேட்டா மனசிலாகும், வாயிக்க, அதான் படிக்க, அறியில்ல. கேட்டா நோட்டப் பொத்திக்கிட்டு கரயிறா. நீங்க வாயிச்சுப் பறயுமோ?"

கௌசிகா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பைத் தட்டி எழுப்பி, எழுத்துக்கூட்டி வாசித்தாள் ராமலட்சுமி.

"அம்மா பெயர் ராமலட்சுமி. வயது 36. என் வயது 12. பந்தம்: பெற்ற அம்மா இல்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் அம்மாதான்."

கடைசிச் சொல்லை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள்.

அம்சபந்தத்தைச் சொந்தபந்தம் என்று நினைத்துவிட்டது பிள்ளை. கணக்கு டீச்சர் இதை ஏன் கேட்கிறார் என்று எவ்வளவு திண்டாடியிருக்கும். திண்டாடினாலும் பொய் எழுதவில்லை.

"இது அந்தப் பந்தம் இல்ல மோளே," என்றார் ஜிஷா. "தமிழ்ல விகிதம்னு சொல்வீங்களே, அது. முப்பத்தாறுக்குள்ள பன்னெண்டு மூணு தடவ இருக்கு. அப்ப மூணுக்கு ஒண்ணு."

"பேக்டரியில நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூளும்பாங்களே, அது மாதிரியா டீச்சர்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் ராமலட்சுமி.

"அதே."

டீச்சர் அடியில் 3:1 என்று எழுதினார். மேலே இருந்த தமிழ் வரிகளை அடிக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் ரோட்டோரம் ஜீப்புக்கு நின்றார்கள்.

"தப்பாப் போச்சு," என்றாள் கௌசிகா.

"கணக்குதான தப்பு."

கௌசிகா கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினாள். "அடுத்த வருசம் மூணுக்கு ஒண்ணு வராது. முப்பத்தேழுக்குப் பதிமூணு. எனக்கு இருபத்தி நாலு ஆகையில ரெண்டுக்கு ஒண்ணாயிரும்."

"அப்ப எனக்கு வயசு கொறையுமாக்கும்?"

"கொறையாது. நாம கிட்ட கிட்ட வருவோம்மா."

வருவோம் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜீப் வந்தது. ராமலட்சுமி கை காட்டவில்லை. அது வளைவில் திரும்பிப் போயே போய்விட்டது.

"வண்டி போயிருச்சு," என்றாள் கௌசிகா.

"போகட்டும் புள்ள," என்றாள் ராமலட்சுமி. "எனக்குச் சரியா வெளங்கல. இன்னொருக்கச் சொல்லு, நாம எப்பிடி வருவோம்?"