மூன்றாவது விருப்பம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியியல் கலந்தாய்வில் யாருக்கு எந்த இடம் என்ற பட்டியல் வெளியானது. பத்து ஐந்துக்கெல்லாம் ஜவஹர் அண்ணாச்சி தன் புடவைக் கடை வாசலில் நின்று தெருவுக்கே ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் கீர்த்தி கடை மாடிப்படிக்கு அடியில், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, தன் கைப்பேசியைத் தேள் விழுந்த தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருப்ப எண் ஒன்று. கணினிப் பொறியியல். ஊரே வாயைப் பிளக்கும் பெரிய கல்லூரி.

அவள் கேட்டதுதான். கிடைக்காது என்ற தைரியத்தில் கேட்டது.

இது எப்படி நடந்தது என்றால், பழக்கதோஷத்தால் நடந்தது. தி. நகரில் துணி வாங்கத் தெரிந்த பெண்மணி தனக்குப் பிடித்த புடவையை முதலில் தொடவே மாட்டாள். ஓரத்தில் அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை இருக்கும்; கண் அங்கேதான் இருக்கும்; ஆனால் கை வேறொரு பட்டைப் பிரிக்கச் சொல்லும். அதைப் பிரித்து, இதைப் பிரித்து, உதட்டைப் பிதுக்கி, எழுந்திருக்கும்போது போனால் போகிறது என்கிற குரலில், "அந்தப் பச்சை என்ன விலை?" என்பாள். ஆசையைக் காட்டினால் விலை ஏறும். இந்த வித்தையை கீர்த்தி எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றவள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்ந்த பிள்ளை.

எழுந்து போகிறவர்களை அளப்பது அண்ணாச்சியின் வித்தை. கடைக்கு மூன்று படி. "வேண்டாம்" என்று சொல்லி இறங்குகிறவள் இரண்டாம் படியில் நிதானித்தால் அவள் வாங்கப்போகிறவள், கூப்பிடவே தேவையில்லை. மூன்று படியும் இறங்கி, முனையில் நிற்கும் இளநீர் வண்டி வரை திரும்பிப் பார்க்காமல் போனால் மட்டும் அண்ணாச்சி வாசலுக்கு ஓடிவந்து கடைசி விலையைக் கத்துவார். முப்பது வருஷத்தில் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

விருப்பப் பட்டியல் நிரப்பிய அன்று, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில், அண்ணாச்சி மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கம்ப்யூட்டர்தான் முதல்ல. வேற பேச்சே கிடையாது" என்றார்.  போன வருஷம் அந்த இடம் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்று கீர்த்தி பார்த்து வைத்திருந்தாள். அவளுடையது இரண்டு மதிப்பெண் குறைவு. எட்டாது. "சரிப்பா, முதல்ல அதையே போடுவோம்" என்றாள். இரண்டாவதாக அதே கல்லூரியில் மின்னணுவியல், அதுவும் எட்டாது. மூன்றாவதாக, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "சும்மா ஒண்ணு போட்டு வைக்கிறேன்" என்று பூமியை அளக்கும் புவித்தகவலியலைப் போட்டாள். அண்ணாச்சி அதைப் படிக்கக்கூட இல்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை. அப்பாவுக்கு இரண்டு வெற்றி, தனக்கு ஒரு படிப்பு. பேரம் படிந்தது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

இந்த வருஷம் கணக்குத் தாள் கடினம், எல்லோருக்கும் மதிப்பெண் இறங்கியிருந்தது. அதோடு கணினிப் படிப்புக்கு இடங்களையும் கூட்டிவிட்டார்கள். போன தீபாவளி விலையை நம்பிச் சரக்கு எடுத்தவளின் கதைதான். கடைக்காரன் என்றால் வாங்க வந்தவளின் முகத்தைப் பார்த்து உள்மனசைப் படிப்பான். இடம் ஒதுக்கும் இயந்திரத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. முதலில் கேட்டதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணி வரைதான் கெடு. அதற்குள் "ஏற்கிறேன்" என்று அழுத்தலாம். அல்லது "வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்" என்று அழுத்தலாம். அடுத்த சுற்றில் மிச்சம் இருக்கும் இடங்களிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும்; இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எதையுமே அழுத்தாவிட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே. எதை அழுத்தினாலும் ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைப் போட்டால்தான் செல்லும். அந்த எண் வருவது அண்ணாச்சியின் கைப்பேசிக்கு.

வெள்ளிக்கிழமை மதியம் கடை வாசலில் பதாகை ஏறியது. கீர்த்தியின் பள்ளிக்கூடப் படம், பக்கத்தில் மடிக்கணினி, கீழே கொட்டை எழுத்தில்: "எங்கள் செல்வ மகள் கணினிப் பொறியியலில் இடம் பெற்ற மகிழ்ச்சியில், ஆடித் தள்ளுபடியோடு மேலும் பத்து சதவீதம்!"

"இன்னா அண்ணாச்சி, பாப்பா படிக்கிறதுக்கும் தள்ளுபடியா?" என்றார் எதிர்க்கடை ஷரீஃப் பாய். ரவிக்கைத் துணிக்கு நிறம் சேர்த்துக் கொடுக்கும் கடை அவருடையது.

"பொறாமைப்படாதேயும் பாய். ஜிலேபி எப்படி?"

"ஜிலேபி சோக்கா கீது. பாப்பா மூஞ்சிதான் ஒரு மாதிரியா கீது."

அண்ணாச்சி திரும்பி மகளைப் பார்த்தார். கீர்த்தி பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருப்பவள் தன்னைவிடக் கெட்டிக்காரியாகத் தெரிந்தாள்.

கணினிப் பாடத்தில் அவளுக்கு நூற்றுக்கு நூறு. அந்த நூறு எப்படி வந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேள்வி பதிலை முழுசாக உருப்போட்டு வந்தது. திரையில் ஓடும் ஆணைகளைப் பத்து நிமிஷம் பார்த்தால் கொட்டாவி வரும். ஆனால் மழை வந்தால் அவளை வீட்டில் நிறுத்த முடியாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து கடையின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், எந்த முனையில் எத்தனை அங்குலம் தண்ணீர், எந்தச் சந்திலிருந்து எந்தச் சந்துக்கு ஓடுகிறது என்று புடவைப் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டு வைப்பாள். பெரும்புயல் வந்த டிசம்பரில், "தண்ணி ரோட்டுப்பக்கமா வராதுப்பா, பின் சந்து வழியா வரும், கிடங்குல எல்லாத்தையும் மூணாம் தட்டுக்கு ஏத்துங்க" என்று கத்தினாள். அண்ணாச்சி திட்டிக்கொண்டேதான் ஏற்றினார். விடிந்தபோது இரண்டாம் தட்டு வரை தண்ணீர். ஷரீஃப் பாய் பேச்சைக் கேட்கவில்லை. அவருடைய ரவிக்கைத் துணியெல்லாம் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறி ஒரே நிறமாகிவிட்டது. அன்றிலிருந்து அந்த அட்டையின் படம் பாயின் கைப்பேசியில் இருக்கிறது. வானம் கறுத்தால் எடுத்துப் பார்ப்பார்.

சனிக்கிழமை காலையில் ராகுகாலம், மதியத்தில் எமகண்டம். "மூணு மணிக்கு மேல அழுத்துவோம்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கீர்த்தியும் சரி என்றாள். அவளுக்கும் தைரியம் சேர நேரம் வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு ஆடிக்கூட்டம் கடைக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஏறியது. மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. அண்ணாச்சி ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்களுக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தார். நான்கரைக்குக் கீர்த்தி அவருக்கு எதிரே போய் நின்றாள். கைப்பேசித் திரையில் இரண்டு கட்டங்கள். இரண்டாவதன் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

அண்ணாச்சியின் சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது.

அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எண்ணோடு எதற்கான எண் என்றும் சேர்த்து வந்திருந்தது.

"ஏட்டி. வேண்டாம்னு வந்திருக்கு. தப்பா அமுக்கிட்டியா?"

"இல்லப்பா. சரியாத்தான்."

விரித்த புடவை அவர் கையிலேயே தொங்கியது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "இதே டிசைன்ல நீலம் இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. நீலம் அவருக்குப் பின்னாலேயே பதினான்கு இருந்தது. மகளைக் கிடங்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "என்னட்டி விளையாட்டு இது? வெளிய பதாகை தொங்குது. திருநவேலி வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சி."

"எனக்கு மூணாவதா போட்டது வேணும்பா."

"மூணாவது என்னது?"

"பூமியை அளந்து படம் போடுற படிப்பு. தண்ணி, ரோடு, மேடு, பள்ளம் எல்லாம்."

"அப்ப அதை முதல்ல போட வேண்டியதுதான? கம்ப்யூட்டரை ஏன் முதல்ல போட்ட?"

கீர்த்தி கண்ணை இறக்கவில்லை. "வேணுங்கிறதை முதல்ல காட்டக்கூடாதுல்லப்பா."

அண்ணாச்சி ஒரு நொடி புரியாமல் நின்றார். புரிந்ததும் வாய் திறந்தது. "மெஷின்கிட்டயா பேரம் பேசின?"

"மெஷின்கிட்ட இல்ல. உங்ககிட்ட பேசினேன். மெஷின் குறுக்க வந்துடுச்சு."

கல்லாவிலிருந்து அம்மா பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். "மணி நாலு நாப்பது ஆச்சு, ரெண்டு பேரும் அங்க என்ன செய்யுதீங்க?"

"ஒன் மவ கடையைக் கவுத்துட்டா!" என்று கத்திவிட்டு, அண்ணாச்சி மகளிடம் குரலைத் தாழ்த்தினார். "கேளுட்டி. கம்ப்யூட்டர் ஓடுற சரக்கு. எவன் கேட்டாலும் கையைக் கட்டி நிப்பான். நீ சொல்லுதது எவனுக்குத் தெரியும்? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேட்டா என்னன்னு சொல்ல, பொண்ணு மழைத்தண்ணி அளக்கான்னா?"

"பிடிக்காத புடவையைத் தலையில கட்டினா மறுநாளே திருப்பிக் கொண்டுவருவான்னு நீங்கதான சொல்வீங்க. இதைத் திருப்ப முடியாதுப்பா. நாலு வருஷம்."

"அடுத்த சுத்துல அந்த இடம் இல்லன்னா? இதுவும் போயி, அதுவும் போயி, நடுத்தெருவுல நிப்ப."

அதை மூன்று நாளாக அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் பதில் இருந்தது, உத்தரவாதம் இல்லை. "பதினோரு இடம் மிச்சம் இருக்கு. இன்னும் நிறையப் பேர் கண்ணுல அது படலை. நீங்ககூடப் படிக்கலையே."

அண்ணாச்சி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் எண் தரமாட்டேன். மறுபடி ஒழுங்கா அமுக்கு, ஏத்துக்கிடுதேன்னு. அப்ப தாரேன்."

"அமுக்க மாட்டேன்."

"அஞ்சு மணி ஆச்சின்னா ரெண்டும் கிடையாது, தெரியும்லா?"

"தெரியும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இறங்கி வரப்போவது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அது அண்ணாச்சிக்கு இந்தக் கடையில் புதிது.

"அப்ப வேண்டாம்பா" என்றாள் கீர்த்தி. திரும்பி நடந்தாள்.

கூட்டத்தை விலக்கி வாசலுக்கு வந்தாள். முதல் படி. அப்பா தன் முதுகைத்தான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். எதை எண்ணுகிறார் என்றும் தெரியும். இரண்டாம் படியில் கால் தானாகத் தயங்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று. தலைக்கு மேலே அவளுடைய படம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. கையில் திரை எண்ணுக்காகக் காத்திருந்தது. நான்கு நாற்பத்தெட்டு. இது பேரம்தானா, உண்மையிலேயே போகிறோமா என்று அவளுக்கே குழப்பம் வந்தது. இளநீர் வண்டிக்குப் பாதி வழியில் குழப்பம் தெளிந்தது. அவர் கூப்பிடவே போவதில்லை. அப்படியானாலும் அவள் திரும்பிப் போய் மற்ற கட்டத்தை அழுத்தப் போவதில்லை. கண் எரிந்தது. திரும்பிப் பார்த்தால் அழுகிறாள் என்று தெரிந்துவிடும். இளநீர் வண்டி வந்தது. தாண்டினாள்.

"ஏழு!"

பின்னாலிருந்து வந்த குரல் தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

"ஏட்டி, ஏழு! அப்புறம் பூஜ்யம்! நாலு!"

அண்ணாச்சி மூன்று படியையும் இறங்கி நடுத்தெருவில் நின்று, கைப்பேசியைக் கண்ணுக்கருகில் பிடித்துக்கொண்டு, கடைசி விலை கத்துகிற அதே தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். கீர்த்தி ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏழு, பூஜ்யம், நான்கு.

"இன்னாது, எழுபதாயிரமா? எந்தப் புடவை?" என்று ஒரு பெண்மணி நின்று கேட்டாள்.

"ஒம்போது! ரெண்டு!"

ஆறாவது எண் வரும்போது பக்கத்துப் பெரிய கடையின் ஒலிபெருக்கி ஆடி அதிரடி என்று அலறியது. அண்ணாச்சியின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. கீர்த்தி எக்கி எக்கிப் பார்த்தாள். நான்கு ஐம்பத்திரண்டு. கெடு முடிய இன்னும் எட்டே நிமிஷம்.

"எட்டு பாப்பா, எட்டு!" ஷரீஃப் பாய் தன் கடை முக்காலியில் ஏறி நின்று, ஒரு கையில் ஐந்து விரலும் மறுகையில் மூன்று விரலும் காட்டினார். "போட்டுட்டு சீக்கிரம் அமுக்கு, நைனா மனசு மாறிக்கினு போவுது!"

போட்டாள். அழுத்தினாள். திரை சுற்றியது, சுற்றியது, நின்றது. பச்சை எழுத்தில், அவளுடைய மறுப்பு பதிவாகிவிட்டதாகச் சொன்னது. பெரிய கல்லூரியின் கணினி இடம் அந்த நொடியே அவள் கையை விட்டுப் போய்விட்டது.

அண்ணாச்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். வியர்வையில் சட்டை நனைந்திருந்தது. இளநீர் வண்டியில் சாய்ந்துகொண்டு, மகளைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டாம் படியில கால் நின்னுச்சி. பாத்தேன்."

"நிக்கலைப்பா."

"நின்னுச்சி. முப்பது வருசமா பாக்கேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல நீ போனதுதான்..." இளநீர்க்காரர் பக்கம் திரும்பினார். "ரெண்டு இளநி வெட்டுப்பா."

அடுத்த சுற்றுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் அண்ணாச்சி தினமும் காலையில் கடை திறந்ததும் மகளிடம், "எத்தனை மிச்சம்?" என்று மட்டும் கேட்பார். பதினொன்று என்பாள். சுற்று தொடங்காமல் எண்ணிக்கை மாறாது என்று அவள் சொல்லியும் கேட்பார். பட்டியல் நிரப்பும் நாளன்று மறுபடியும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கீர்த்தி புவித்தகவலியலை முதல் இடத்தில் போட்டாள். கீழே எதுவும் போடவில்லை.

"கீழ இன்னும் ரெண்டு போட்டு வைட்டி, ஒரு காப்புக்கு."

"வேண்டாம்பா."

அவர் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எண் வருவதற்கு முன்பே அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

முடிவு வந்த அன்று ஜிலேபி இல்லை. அண்ணாச்சி ஏணி போட்டு ஏறி, பதாகையில் பழைய படிப்பின் பெயர்மேல் புதுப் பெயரை ஒட்டினார். பெயர் நீளமாக இருந்ததால் ஒட்டிய தாள் கீழே தொங்கி, பத்து சதவீதத்தை முழுசாக மறைத்துவிட்டது.

"ரொம்ப நல்லதாப் போச்சி" என்று ஏணியிலிருந்து இறங்கினார். "பாய், கிடங்கு வாடகைக்கு எடுக்கணும்னீரே, எந்தத் தெருவுலன்னு எம் மவகிட்ட கேட்டுட்டு எடும்."